மாமல்லைப் பாறையும் யாம் உரைத்த விடையும்

சென்ற ஆண்டு இம்மலரின் தமிழ்ப் பகுதியில், நம் தமிழ்ச் சங்கத்தார் மாமல்லபுரம் சென்று மீண்ட செய்தி ஒரு பக்க அளவில் வெளிவந்தது. படித்தோர் அதனை இந்நேரம் மறந்திருத்தல் கூடும். மறந்திருப்பின் அஃது எமக்கு நன்மையே. ஏனெனின், அதனை எழுதியவர் யாமே. ஆண்டுள்ள பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றி ஐயத்திற்கு இடமின்றி மொழிந்த நான்கு வரிகளும் எம்முடையனவே. அவ்வரிகளை இன்று அவ்வாறு எழுத யாம் துணியோம். பிழை பொறுக்குமாறு வேண்டுதல் ஒன்றே எமது நோக்கமாயின், மலராசிரியர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அமைந்திருப்போம். அப்பிழை எம்மோடு ஒழிவதன்று. பழம்பொருள்களைக் காண நாம் கூட்டமாகச் சென்று வரும் முறையிலேயே அது வேரூன்றியிருக்கின்றது என்று எண்ணுகின்றோம். ஆதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

நிகழ்ந்தது இது. தை மாதத்து ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு, மாணாக்கர் ஐம்பதின்மரும் பேராசிரியர் இருவரும் பேருந்தேறினோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் என்னும் காரணம் பற்றி, கண்ட இடந்தோறும் விளக்கவுரை கூறும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. தமிழ் படிப்பவர் கல்லையும் படித்திருப்பர் என்பது பிற துறை நண்பர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கெடுக்க எமக்கு மனம் வரவில்லை. முந்தின இரவு ஒரு சிறு வழிகாட்டி நூலையும், கைப்பேசியிற் கண்ட இரண்டு கட்டுரைகளையும் நெட்டுருப் பண்ணிக்கொண்டு சென்றோம்.

பெரும்பாறையை நேரிற் கண்டிராதார்க்கு அதன் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கிழக்கு நோக்கி நிற்கும் பாறை முகம்; ஏறத்தாழ 90 அடி நீளமும் 40 அடி உயரமும் உடையது; நடுவே மேலிருந்து கீழாக இயற்கையாய் அமைந்த ஒரு பிளவு. அப்பிளவின் இருமருங்கும் தேவர், கந்தருவர், வேடர், முனிவர், சிங்கம், மான், குரங்கு என நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். வலப்புறம் கீழே மெய்யளவினவாகிய யானைகளும் அவற்றின் காலடியிற் குட்டிகளும். இடப்புறம் மேலே எலும்பும் நரம்பும் தோன்ற ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் ஒருவர். அவரெதிரே நான்கு கைகளுடன் சிவபெருமான். யாம் அதன்முன் நின்று, "இது அருச்சுனன் தவம். பாசுபதம் பெறுதற் பொருட்டு அருச்சுனன் தவமிருந்த வரலாற்றைப் பல்லவ வேந்தன் மாமல்லன் இங்ஙனம் செதுக்குவித்தான்" என்று உரத்த குரலிற் கூறினோம். குரல் நன்றாகவே இருந்ததாகப் பின்னர் நண்பர் பாராட்டினர்.

அப்பொழுது பொருளியல் முதலாண்டு மாணவர் ஒருவர், "அண்ணா, அருச்சுனன் தவத்திற்கும் நடுவிலே பாம்புடம்போடு கைகூப்பி நிற்கிறவர்களுக்கும் என்ன தொடர்பு? எல்லாரும் ஏன் அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள்?" என்று வினவினார். யாம் படித்துச் சென்ற நூலில் அதற்கு விடை இல்லை. "அழகிற்காக அமைத்தார்கள், தம்பி" என்றோம். அவர் தம் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டார்.

அவர் எழுதிக்கொண்டதே எம்மை இன்றளவும் உறுத்துகின்றது. ஒருவர் கண்ணால் உற்று நோக்கி ஒரு நல்ல வினாவை எழுப்பினார். யாமோ நோக்கவும் இல்லை, எழுப்பவும் இல்லை. நோக்கினவருடைய வாயையும் அடைத்துவிட்டோம். "அழகிற்காக" என்பது வினாவை மூடும் கதவாக அன்று எமக்குப் பயன்பட்டது. மீண்டு வந்தபின் நண்பர் ஒருவர் எடுத்த படங்களின் நேரத்தைப் பார்த்தோம். பாறையின்முன் எடுத்த முதற்படம் 10 மணி 40 நிமிடம். இறுதிப் படம் 10 மணி 51 நிமிடம். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பல்லாண்டு உழைத்திருக்கக்கூடிய ஒரு பாறைக்கு நாம் அளித்தது பதினொரு நிமிடம். அப்பதினொன்றிலும் பெரும்பகுதி பாறைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்துக்கொள்வதிற் கழிந்தது.

பிறகு நூல் நிலையத்திற் புகுந்து பார்த்தபோது, அம்மாணவரின் வினா நூறாண்டுக்கு மேற்பட்டதென்று அறிந்து நாணினோம். 1914ஆம் ஆண்டிலேயே விக்டர் கொலுபியூ என்னும் அறிஞர், இச்சிற்பத்தின் நடு நாயகமாக இருப்பது அப்பிளவே என்றும், அது விண்ணினின்று இழியும் கங்கை என்றும், தவஞ்செய்வோன் பகீரதன் என்றும் பிரெஞ்சு மொழியில் எழுதினார். நாகர் நீரில் வாழ்வோர். ஆதலின் அவர் பிளவினுள் இருத்தல் பொருத்தமே. பிளவின் கீழ்ப்பகுதியில் ஒருவர் நீர்க்குடம் சுமக்கின்றார். மற்றொருவர் நனைந்த ஆடையைப் பிழிகின்றார். இவை ஆற்றங்கரைக் காட்சிகள் அல்லவோ? பாறையின் மேல் நீர் தேக்கும் தொட்டி அமைந்திருந்ததற்கு அடையாளங்கள் உண்டென்றும் ஆய்ந்தோர் கூறுவர். மழை நாளிலோ விழா நாளிலோ அப்பிளவின் வழியே உண்மையாகவே நீர் வீழ்ந்திருப்பின், அக்காட்சி எத்தகையதாய் இருந்திருக்கும்! யாம் "அழகிற்காக" என்று தள்ளிய நாகரே வழக்கின் தலைமைச் சான்றாய் நிற்கின்றனர்.

ஆயின் இவ்விடையும் முற்றும் பொருந்திற்றென்று சொல்லுதற்கில்லை. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானைத் திருச்சிராப்பள்ளி மலையில் மகேந்திரவர்மன் அமைத்த குடைவரையிற் காணலாம்; ஆங்கே இறைவன் சடையொன்றைக் கையால் ஏந்தி நிற்கின்றான். மாமல்லையிலோ அவன் கங்கையை ஏற்கும் கோலத்தில் இல்லை. வரமளிக்கும் கையுடன் தவசியை நோக்கி நிற்கின்றான். அருச்சுனன் என்பார்க்கு இஃது ஒரு வலிவு. அவர்க்குள்ள இடரோ வேறு: வேடனாய் வந்த இறைவனுடன் பொருதற்குக் காரணமான பன்றியை அங்கே காணோம், தவசியின் கையில் வில்லும் இல்லை. இனி, பிளவின் அருகே ஒரு பூனையைக் கவனிக்க வேண்டும். அது பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கின்றது. எலிகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. நம் வீடுகளில் உருத்திராட்சப் பூனை என்று ஏசுகின்றோமே, அப்பூனையே இது. கங்கைக் கரையிலே கையுயர்த்தி நின்று எலிகளை வஞ்சித்த பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வருகின்றது. கங்கை என்பதனால் அது பகீரதன் கட்சிக்கும், பாரதம் என்பதனால் அருச்சுனன் கட்சிக்கும் ஒருங்கே சான்று கூறுகின்றது! வஞ்சகப் பூனை இங்கும் இருபுறமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டது.

அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் மூன்றாவதொரு வழி காட்டியுள்ளனர். பத்மா கைமல் என்னும் அறிஞர் 1994இல் எழுதிய கட்டுரையில், இவ்விரு பொருளுமே கருதப்பட்டிருத்தல் கூடும், ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ள வேண்டுவதில்லை என்ற கருத்தை வற்புறுத்துகின்றார். அக்காலத்து வடமொழிப் புலவரும் அரசவையும் இருபொருள்படப் பாடுதலைப் பெரிதும் விரும்பினர் என்பது இதற்கு அரண். இதனைப் படித்தபோது எமக்கு உண்டான வெட்கம் முன்னையதினும் பெரிது. தண்டியலங்காரத்தில் சிலேடையணியை யாம் ஓர் ஆண்டு முழுதும் பாடம் கேட்டோம். ஒரு செய்யுள் இருபொருள் தந்தால், "எது உண்மைப் பொருள்?" என்று எந்த மாணாக்கரும் ஆசிரியரை நெருக்குவதில்லை, இரண்டையும் எழுதி மதிப்பெண் பெறுகின்றோம். அதே நாம் கல்லின்முன் நின்றவுடன் ஒரு பொருள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கின்றோம். பாறையே இரண்டாய்ப் பிளந்து நின்றும் உருவங்களைப் பிரிக்காமலே இருபொருள் தருதலின், இதனைப் பிரிமொழிச் சிலேடை என்னாது செம்மொழிச் சிலேடை என்றே யாம் வகைப்படுத்துவோம். எம் ஆசிரியர் இவ்வகைப்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மை கருதி இங்கே குறிக்கின்றோம்.

தண்டியலங்காரத்தின் முதனூலாகிய காவியாதரிசத்தை இயற்றிய தண்டியாசிரியர் பல்லவர் ஆண்ட காஞ்சியில் வாழ்ந்தவர். அவர் இயற்றியதாகக் கொள்ளப்படும் அவந்திசுந்தரி என்னும் நூலில், அவர் மாமல்லபுரத்திற்குச் சென்ற செய்தி வருகின்றது. கடற்கரையில் அறிதுயில் கொண்ட திருமாலின் கை முறிந்திருந்ததையும், லலிதாலயர் என்னும் சிற்பி அதனைப் பொருத்திச் செப்பனிட்டதையும் கேள்வியுற்று, அப்பொருத்தைக் காண்பதற்கென்றே அவர் நண்பருடன் சென்றாராம். அங்கே சென்ற பார்வையாளருள் நமக்குப் பெயர் தெரிந்தவர்களிற் பழையவர் இவரே என்று சொல்லலாம். அவர் சென்ற நோக்கத்தை எண்ணிப் பாருங்கள்: ஒரு சிலை, அதில் ஒரு கை, அக்கையில் ஓர் ஒட்டு. அதற்காக ஒரு பெரும்புலவர் காஞ்சியினின்று கடற்கரை வரை வழிநடந்தார். நாமோ ஒரே பகலில் பதினொரு இடங்களைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டு, இரவு உணவிற்கு விடுதி திரும்பினோம்.

பெயர்கள் நம் கண்ணை மறைக்கும் வகையை இன்னும் ஓரிடத்தில் அறிந்தோம். ஐந்து இரதங்கள் என்று வழங்கும் கற்றளிகளுக்குத் தருமராசன், பீமன், அருச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்று பெயரிட்டிருக்கின்றனர். பாண்டவர்க்கும் அவற்றிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவை தேர்களும் அல்ல. பாறையிற் செதுக்கிய கோயில்கள், அவையும் முற்றுப்பெறாதவை. பெயர்கள் பிற்காலத்து மக்கள் வாயிற் பிறந்தவை. திரௌபதி இரதம் என்பது கூரை வேய்ந்த குடிசையைப் போன்ற சிறு கோயில். திரௌபதி எங்கே என்று தேடிக்கொண்டு அதனுள் எட்டிப் பார்த்தோம். காணாமையால் அடுத்ததற்குச் சென்றோம். உண்மையில் உள்ளே நிற்பவள் கொற்றவை. அவள் திருவடியில் மண்டியிட்ட வீரன் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து படைக்க முனைகின்றான். கலிங்கத்துப்பரணியிற் காளி கோயிலைப் பாடும் பகுதியைத் தேர்வுக்குப் படித்தவர் யாம். சிலப்பதிகாரத்து வேட்டுவவரிக்குக் குறிப்பெழுதியவர் யாம். அப்பாடல்களின் பொருள் கல்லில் உருக்கொண்டு கைக்கெட்டும் தொலைவில் நின்றிருக்க, வாசலில் எழுதியிருந்த ஒரு பெயரால் அதனைக் காணாமல் வந்தோம். அந்நாளில் அப்பெயர்ப் பலகையை யாரேனும் கழற்றி வைத்திருந்தால் கண்டிருப்போமோ என்று எண்ணுவதுண்டு.

இதற்கு மாறாக, நகுல சகாதேவ இரதம் என்பதன் பின்புறம் யானை முதுகு போல வளைந்திருக்கும். இதனைத் தூங்கானை மாடம் என்பர். அதன் பக்கத்திலேயே ஒரு பெரிய கல் யானை நிற்கின்றது. யானையையும் மாடத்தையும் மாறி மாறிப் பார்ப்பவர்க்கு, சிற்பி எழுத்தின்றியே எழுதிய பெயர்ப்பலகை அதுவென்று தோன்றும். பெயரிடத் தெரிந்தவன் அவன்.

கல்கி அவர்கள் 1944 முதல் 1946 வரை எழுதிய சிவகாமியின் சபதத்தைப் பற்றியும் ஒரு சொல். எம்மவருள் பலர் மாமல்லையைக் கண்ணாற் காணுமுன் அந்நூலிற் கண்டவர். பேருந்தில் வரும்போதே ஆயனரும் சிவகாமியும் எங்கே இருந்தனர் என்று கேட்ட தோழியரும் உண்டு. அந்நூலின்மேல் எமக்கு மிக்க அன்பு உண்டு. அதனைப் படித்தே தமிழ்ச் சிறப்பு வகுப்பில் சேர்ந்தோம் என்று கூறினும் மிகையாகாது. ஆயினும் ஆயனரும் சிவகாமியும் ஆசிரியர் உள்ளத்திற் பிறந்தவர்கள். இப்பாறைகளைச் செதுக்கினோர் வேறு சிலர். அவர்களைப் பற்றி நாம் அறிந்தது மிகவும் சிறிது. இல்லாத சிற்பியை நினைந்து உருகிய நாம், இருந்த சிற்பியின் உளிச்சுவட்டைத் தடவியும் பார்க்கவில்லை.

கடலோடிகளும் நம்மைப் போன்றவரே. ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில் என்று அழைத்தனர். வில்லியம் சேம்பர்ஸ் என்பார் தாம் 1772ஆம் ஆண்டிலும் 1776ஆம் ஆண்டிலும் கண்டவற்றை எழுத, அது 1788இல் வெளிவந்தது. செம்புத் தகடு வேய்ந்த கோயில் முடிகள் கடலில் தொலைவிலே தோன்றக் கண்டதாக ஊர் முதியோர் கூறிய செய்தியை அதில் எழுதி வைத்தார். 1810இல் சவுதி என்னும் ஆங்கிலப் புலவர் தம் காவியத்தில் கடலில் மூழ்கிய நகரம் ஒன்றைப் பாடுதற்கு இச்செய்தியே வித்தாயிற்று. அன்று முதல் இன்று வரை, மூழ்கிய ஆறு கோயில்கள் எங்கே என்பதே வருவோர் கேட்கும் முதல் வினா. 2002இல் ஆழ்கடல் ஆய்வாளர் நீரில் மூழ்கிப் பார்த்து, 5 முதல் 8 மீட்டர் ஆழத்திற் சுவர்ச் சிதைவுகளையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அவை ஆறு கோயில்கள்தாமென்று மெய்ப்பிக்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரைமணலை வாரிச் சென்றபின், சாளுவன்குப்பத்துப் பாறையொன்றில் எழுத்துக்கள் வெளிப்பட்டன. அத்தடம் பற்றித் தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்தபோது, பல்லவர் காலத்து முருகன் கோயில் ஒன்றும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டடம் ஒன்றும் வெளிப்பட்டன. இரு நூற்றாண்டுகளாகக் கடலையே நோக்கி ஆறு கோயில்களைத் தேடினோர்க்கு, யாரும் தேடாத கோயில் ஒன்று கரையிலே காலடியிற் கிடந்தது.

இவற்றையெல்லாம் செய்வித்த வேந்தன் யார் என்பதிலும் வழக்கு உண்டு. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனும் அவன் முன்னோர் பின்னோரும் தலைமுறை தோறும் செய்வித்தனர் என்பது பெரும்பாலோர் கொள்கை. 1962இல் இரா. நாகசாமி அவர்கள், அனைத்தும் இராசசிம்மன் ஒருவனாலே செய்விக்கப்பட்டவை என்று வாதித்தார். அத்தியந்தகாமன் முதலான விருதுப் பெயர்கள் அவர்க்குச் சான்றாயின. யாம் பாறையின்முன் "மாமல்லன்" என்று முழங்கியபோது இவ்வழக்கு ஒன்று இருப்பதையே அறியோம்.

இங்கே எதிர்ப்புறம் ஒரு தடையையும் கூறாது விடுதல் தகாது. ஒன்றும் முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டால், யார் வேண்டுமாயினும் எது வேண்டுமாயினும் சொல்லலாம் என்று சிலர் கொள்வர். இக்காலத்துக் கைப்பேசித் திரையில் ஓடும் படங்களில், இப்பாறைகளை மனிதர் செதுக்கவில்லை, கல்லை மெழுகாக உருக்கும் இயந்திரம் இருந்தது, வேற்றுலகத்தார் வந்தனர் என்றெல்லாம் அச்சமின்றிக் கூறுகின்றனர். அவற்றை மாணாக்கரும் பகிர்கின்றனர். அறியாததை அறிந்ததாகக் கூறுவது ஒரு பொய்யானால், அறிந்ததை அறியாததாகக் கூறுவது அதன் உடன்பிறந்த பொய். கல் எவ்வாறு வெட்டப்பட்டது என்பதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. மலைமேல் முற்றுப்பெறாது விடப்பட்ட குடைவரைகளின் முகத்தைப் பார்த்தாற் போதும். பாறைமேற் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான கோடுகளை வெட்டிச் சதுரக் கட்டங்களாக்கி, இடைநின்ற கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பெயர்த்து உட்சென்றிருக்கின்றனர். உளி பட்ட வடு இன்றும் விரலுக்குத் தட்டுப்படும். பெரும்பாறையின் பொருளையே கருத்தாகக் கொண்டு, வேறொரு பாறையில் தொடங்கி முடிக்காமல் விட்ட சிற்பம் ஒன்றும் அவ்வூரில் உண்டு. அதனைப் பார்க்க வருவோர் மிகச் சிலர். எம் எண்ணத்தில், முடிந்ததனினும் முடியாதது மாணாக்கர்க்கு நல்ல ஆசிரியர்.

இதனை எமக்கு உணர்த்தியவர் நூலாசிரியர் அல்லர். இவ்வாண்டு ஆடி மாதத்தில் யாமும் நண்பர் இருவரும் பொதுப் பேருந்தில் மீண்டும் அங்கே சென்றோம். உடன் வந்தவருள் ஒருவர் அப்பொருளியல் மாணவர். அவ்வூரில் 1957 முதற்கொண்டு சிற்பக் கல்லூரி ஒன்று நடந்து வருகின்றது, தெருவெங்கும் பட்டறைகள், உளியோசை ஓய்வதில்லை. ஒரு பட்டறையில் தூசு மூடிய முகத்துடன் வேலை செய்துகொண்டிருந்த முதிய சிற்பி ஒருவரிடம், "ஐயா, பாறையில் இருப்பவர் அருச்சுனனா, பகீரதனா?" என்று கேட்டோம். அவர் சிரித்து, "அதெல்லாம் படித்தவர்கள் சொல்வார்கள், தம்பி. நாங்கள் போனால் உளி எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது என்று பார்ப்போம். அந்தப் பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே குட்டி இருக்கிறதே, அந்த இடுக்கில் கையை எப்படி நுழைத்து அடித்தான் என்று நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்" என்றார். நாற்பது ஆண்டுகள்! எம் பதினொரு நிமிடத்தை அவரிடம் கூறும் துணிவு எமக்கு இல்லை.

அன்று காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை பாறையின் எதிரே அமர்ந்திருந்தோம். கிழக்கு வெயில் உருவங்களின்மேல் நகர்ந்தது. முதலிற் புலப்படாத நிழல்கள் பின்னர்ப் புலப்பட்டன. கீழே ஒரு மான் பின்னங்கால் குளம்பினால் தன் மூக்கைச் சொறிந்துகொள்வதை ஒன்பது மணியளவில்தான் கண்டோம். அது அருச்சுனன் தவத்திற்கும் உரியதன்று, கங்கைக்கும் உரியதன்று, மானுக்கே உரியது. பொருளியல் மாணவர் தம் பழைய குறிப்பேட்டை எடுத்து வந்திருந்தார். "அழகிற்காக" என்ற சொல்லை எம் கண்முன்னே அடித்துவிட்டு, அவ்விடத்தில் வேறொன்றும் எழுதாமல் விட்டார்.

நம் கல்லூரியில் வேறொரு குரலையும் கேட்டிருக்கின்றோம்: கிறித்தவ மாணாக்கர்க்குப் பல்லவர் கோயில்களில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பது. இதனைக் கூறுவோர் கெட்ட எண்ணத்தாற் கூறுவதில்லை. ஆதலின் விடை கூறுகின்றோம். எம் பாட்டனாரின் பாட்டனார் திருமுழுக்குப் பெற்ற நாளில் அவருடைய தமிழ் அவரை விட்டு நீங்கவில்லை, இக்கற்களும் நீங்கவில்லை. அன்றியும் நம் திருமறையில், யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியதைச் சிறுவயதிலேயே படித்திருக்கின்றோம். பிற்காலத்துப் பிள்ளைகள் இக்கற்கள் யாவை என்று வினவுவர் என்றும், தந்தையர் இன்ன விடை தரவேண்டும் என்றும் ஆங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. கல்லும் இருந்து, அதற்குரிய விடையும் வழிவழி வந்தது. மாமல்லையில் கல் இருக்கின்றது; தந்தையர் சொன்ன விடை இடையில் அறுந்துபோயிற்று. அறுந்த இடத்தில் நம் கைக்குக் கிடைத்ததைக் கட்டி, இதுவே பழைய கயிறு என்று பிள்ளைகளிடம் நீட்டுவதற்கு எச்சமயத்தாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு நண்பர் வழிகாட்டிகளின் பிழைப்பை நினைவூட்டினார். பெயரும் கதையும் இல்லையேல் வெளியூரார் வருவரோ, அவர் கதை சொல்லி வாழும் வாழ்வு என்னாவது என்றார். இது சிந்திக்கத் தக்கதே. யாம் கதையை ஒழிக்கச் சொல்லவில்லை. இரண்டு கதைகளையும் சொல்லி, எவ்விடத்தில் ஒவ்வொன்றும் தடுமாறுகின்றது என்று காட்டுகிற வழிகாட்டியைச் சுற்றிக் கூட்டம் பெருகுமே அன்றிக் குறையாது என்று நம்புகின்றோம். வழக்காடுவதைக் கேட்க விரும்பாத தமிழர் உளரோ?

இனி, செய்யத் தக்கது. தமிழ்ச் சங்கச் சுற்றுலா இவ்வாண்டும் தை மாதத்தில் நடைபெறும். அதன் நிரலில் ஒன்பது இடங்கள் குறிக்கப்பட்டிருப்பதை அறிவிப்புப் பலகையிற் கண்டோம். அவற்றுள் ஏழினை நீக்கி இரண்டினை மட்டும் வைத்துக்கொள்ளுமாறும், முதல் ஒரு மணி நேரம் யாரும் விளக்கவுரை கூறாதிருக்குமாறும், அவ்வொரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் தம் கண்ணிற் பட்ட ஒரு வினாவையேனும் எழுதிக் கொணருமாறும் எழுத்து மூலம் வேண்டியிருக்கின்றோம். படமெடுப்பது பின்னர் நிகழட்டும். பாறைமேல் ஏறுவதும், ஆணியாற் பெயர் கீறுவதும் வேண்டா என்பதைச் சொல்லவும் நாணுகின்றோம். எனினும் சென்ற ஆண்டு சென்ற கூட்டத்தில் ஒருவர் அதனைச் செய்ய முற்பட்டு, காவலர் சீழ்க்கை ஊதக் கைவிட்டார் என்பது உடன் சென்றோர் அறிந்ததே. தம் விருதுப் பெயர்களைப் பாறையிற் பொறித்துக்கொண்ட பல்லவ வேந்தர் ஒரு கோயிலையாவது கொடுத்துவிட்டுப் பொறித்தனர்.

விளக்கவுரை கூறும் பணி இம்முறை எமக்கு வேண்டா என்றும் அவ்வேண்டுகோளிற் குறித்துள்ளோம். ஏழு இடங்களை நீக்கினால் பேருந்துக் கட்டணம் கொடுத்தோர் குறைகூறுவர் என்று செயலர் கருதுவதாகக் கேள்வி. சங்கக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கூடுகின்றது.